தீட்டுக்கல்லும் பீங்கான் சவரக்கத்தியும்

தோற்றுவாய்

கருவிகளின் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வாளையும் வேலையும் ஏரையுமே எடுத்துக்கொள்வர். அரசர் கையிலிருந்த வாளைப் புகழ்ந்து பாடினோர் பலர். அவ்வரசர் முகத்தருகே நாள்தோறும் சென்று மீண்ட சவரக்கத்தியைக் குறித்து ஒரு வரி எழுதினாரைக் காண்டல் அரிது. வாள் பகைவன் கழுத்தை நாடுவது. சவரக்கத்தி நம்பி அமர்ந்தான் கழுத்தின்மீது ஊறின்றி நடப்பது. இவ்விரண்டனுள் மிகுந்த கூர்மையும் மிகுந்த கைத்திறனும் எதற்கு வேண்டுமென்பதை இச்சஞ்சிகையைப் படிக்கும் நம் குலத்து அன்பர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நம் வீட்டுச் சமையலறையில் வெண்ணிறக் கத்தியொன்று கீழே விழுந்து முறிந்தது. அஃது இரும்பாலாயதன்று, கடைக்காரர் ‘பீங்கான் கத்தி’ என்றும் ‘செராமிக் கத்தி’ என்றும் விற்பது. முறிந்த துண்டு ஒரு சவரக்கத்தி அளவினதாயிருந்தமையால், அதனைக்கொண்டு மழிகத்தி ஒன்று செய்து பார்ப்போம் என்னும் ஆசை நமக்கு எழுந்தது. விளையாட்டாய்த் தொடங்கிய அம்முயற்சி நம்மைப் பழைய வரலாற்றுள் இழுத்துச் சென்றது. அங்கே நாம் கண்டறிந்த உண்மை ஒன்றே: சவரக்கத்தியின் வரலாறு என்பது அது செய்யப்பட்ட பொருளின் வரலாறு மட்டும் அன்று, அதனைத் தீட்டிய கல்லின் வரலாறுமாம். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லே முதற்கத்தி

மழித்தல் மிகப் பழைய வழக்கம். அச்சொல் திருவள்ளுவர் வாக்கிலேயே இடம் பெற்றுள்ளது. இரும்பு தோன்றுமுன் மக்கள் எதனால் மழித்தனர் என்று வினவுவார்க்கு, கல்லால் என்பதே விடை. எல்லாக் கல்லும் இதற்கு உதவா. எரிமலைக் குழம்பு விரைந்து ஆறுங்கால் கண்ணாடிபோல் உறையும் கல்லொன்று உண்டு. அதனை ஒப்சிடியன் என்பர். தட்டினால் அது செதில் செதிலாகப் பெயரும். அச்செதிலின் விளிம்பு எஃகுக்கத்தியின் விளிம்பினும் பன்மடங்கு மெல்லியது.

மெக்ஸிகோ நாட்டில் வாழ்ந்த அஸ்டெக் மக்கள் இக்கல்லைக் கையாண்டதில் ஒப்பற்றவர். ஸ்பானியப் படைத்தலைவன் ஹெர்னான் கொர்டேஸ் 1520-இல் தன் மன்னனுக்கு வரைந்த மடலில், அவர்தம் தலைநகரத்துப் பெருஞ்சந்தையை வருணிக்குங்கால், தலையைக் கழுவி மழிக்கும் நாவிதர் மனைகள் அங்கே இருந்தமையைக் குறிப்பிட்டுள்ளான். இரும்பறியாத நாட்டில் நாவிதர் மனை இருந்தது என்றால், அங்குக் கத்தி இருந்தது, அக்கத்தி கல்லாலாயது. அதனைச் செய்வோர் தரையிலமர்ந்து கல்லைக் காலால் பற்றி, மரக்கோலால் விளிம்பில் அழுத்துவர். அழுத்துந்தோறும் ஒரு நீண்ட அலகு பெயர்ந்து விழும். இதனைக் கண்ட ஸ்பானியத் துறவியர், அவ்வலகு முதன்முறை எஃகுக்கத்திக்குப் பெரிதும் குறையாமல் மழிக்கும் என்றும், விரைவில் மழுங்குமாதலின் மற்றோர் அலகு எடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தனர்.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கருதல் வேண்டும். அக்கல்லலகு தீட்டப்படாத கத்தி. உடைதலே அதற்குக் கூர். மழுங்கினால் எறிதலே அதற்கு முடிவு. அக்கத்திக்குத் தீட்டுக்கல் வேண்டியதில்லை.

அம்மெக்ஸிகோ நாட்டில் பச்சை நிற ஒப்சிடியன் கிடைக்கும் மலைத்தொடருக்கு ஸ்பானியர் இட்ட பெயர் ‘சியர்ரா தெ லாஸ் நவாஹாஸ்’ என்பது. கத்திமலை என்று பொருள்படும். ‘நவாஹா’ என்பது சவரக்கத்தியைக் குறிக்கும் ‘நொவாகுலா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இதனைக் கேட்டவுடன் நம் ‘நாவிதன்’ என்னும் சொல்லோடு ஒட்டவைக்க நம்மவர் சிலர்க்கு ஆசை பிறக்கலாம். நாவிதன் என்பது ‘நாபித’ என்னும் வடசொல்லின் வழியது. ஒலி ஒத்தல் மட்டும் உறவுக்குச் சான்றாகாது. பொய்ப்பெருமையால் நமக்கு ஆவதொன்றும் இல்லை.

எஃகும் அதன் கல்லும்

கல்லுக்குப்பின் செம்பும் வெண்கலமும் வந்தன. எகிப்து நாட்டுக் கல்லறைகளிலும் டென்மார்க்கு நாட்டுப் புதைமேடுகளிலும் வெண்கல மழிகத்திகள் கிடைத்துள்ளன. வெண்கலம் உடைந்து கூராவதன்று. தட்டியும் தேய்த்தும் கூராக்கப்படுவது. ஆகவே அன்றே கத்தியும் கல்லும் இணைபிரியாத் துணையாயின. பின்னர் இரும்பு வந்தது. இரும்பிலிருந்து எஃகு வந்தது. நம் பழைய நூல்களில் எஃகு என்னும் சொல் அம்மாழையை மட்டுமன்றிக் கூரிய படைக்கலத்தையும் குறிக்கும். நம் முன்னோர்க்கு எஃகும் கூர்மையும் வேறல்ல என்பது இதனால் பெறப்படும்.

இவ்வெஃகின் வகையில் தமிழ்நாட்டுக்கு மெய்யான பங்கு உண்டு. சேலத்துப் பகுதிக் கொல்லர் மண்மூசையில் இரும்புத் துண்டுகளை இட்டு, ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் உடன்வைத்து, வாயை மண்ணால் அடைத்துத் துருத்தியால் ஊதி உருக்கெஃகு செய்தனர். தென்னாட்டின் பல பகுதிகளிலும் செய்யப்பட்ட இவ்வெஃகை ஆங்கிலேயர் ‘வூட்ஸ்’ என்று வழங்கினர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பார் இதனை ஆராய்ந்து இலண்டன் இராயல் சங்கத்தின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டார். அந்நகரில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டொடார்ட்டு, பல்லாண்டு ஒப்பிட்டுப் பார்த்தபின் ஐரோப்பிய எஃகினும் இந்திய வூட்ஸையே தாம் விரும்புவதாகத் தம் கடைச் சீட்டிலேயே அச்சிட்டார். கொல்லர் மகனாகப் பிறந்து பேரறிஞரான மைக்கேல் பாரடே அந்த ஸ்டொடார்ட்டோடு சேர்ந்து 1820-இலும் 1822-இலும் எஃகுக் கலவைகளைப் பற்றி எழுதினார். 500 பங்கு எஃகில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தலும் அவர்கள் ஆய்வில் ஒன்று. தம் எஃகால் செய்த சவரக்கத்திகளைப் பாரடே நண்பர்க்குப் பரிசளித்தனர் என்ப.

எஃகு இவ்வாறு சிறந்ததேனும், கல்லின்றி அஃது இருப்புத் தகடே. எஃகு முழுதும் இறுகியதன்று. அதனுள் ஓர் இளக்கம் உண்டு. கல்லில் தேய்க்குங்கால் விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். அதனை நுண்கல்லில் தேய்த்து நீக்கித் தோல்வாரில் இழுத்தால் விளிம்பு நிமிர்ந்து நேராகும். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லின்மீது படியும்படி வைத்துத் தேய்ப்பதே முறை. முதுகின் கனம் அலகின் அகலத்தில் ஏறக்குறைய ஏழில் இரண்டு பங்கிருப்பின், விளிம்பின் கோணம் 16 அல்லது 17 பாகையாக அமையும். எனவே கோணத்தைக் கை காக்க வேண்டுவதில்லை, முதுகே காத்துக்கொள்ளும். இந்நுட்பத்தை முதலிற் கண்டவன் பெயர் எவர்க்கும் தெரியாது. ஆயினும் அவன் கணக்கறிந்த பெரியோன் என்பதில் ஐயமில்லை.

இதற்கான கற்களைத் தேடி உலகம் அலைந்தது. பெல்ஜிய நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சட்கல்லில் கண்ணுக்குப் புலனாகாத நுண்மணிகள் நிறைந்துள்ளன. அவையே எஃகைத் தேய்ப்பன. ஜப்பானியர் கியோத்தோ நகரை அடுத்த மலைகளில் தீட்டுக்கல் வெட்டினர். அமெரிக்காவின் ஆர்க்கன்சா நாட்டுத் தீட்டுக்கல்லுக்கு நிலநூலார் இட்ட பெயர் ‘நொவாகுலைட்டு’ என்பது. முன்னர்க் கூறிய அதே ‘நொவாகுலா’ என்னும் சொல்லே இங்கும் வேர். ஓரிடத்தில் கத்தியாகும் கல்லுக்கும், வேறோரிடத்தில் கத்தியைத் தீட்டும் கல்லுக்கும் சவரக்கத்தியின் பெயரே வாய்த்தமை நினைந்து மகிழத்தக்கது.

எறியும் அலகு

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட்டு என்பார், மெல்லிய தகட்டலகைச் சட்டத்திற் பூட்டி மழித்தபின் எறிந்துவிடும் கருவியை அமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் இலட்சக்கணக்கில் அக்கருவியைப் பெற்றனர். தீட்டத் தெரியாதவனும் தானே மழித்துக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. அதனைப் புதுமை என்று உலகம் கொண்டாடியது. ஆயின் மழுங்கினால் எறிதல் என்பது மெக்ஸிகோவின் கல்லலகு அன்றே செய்த வேலை. புதுமை என்பது சிலபோது மறந்துபோன பழமையேயாம்.

நம் சவரக்கடைகளிலும் பின்னர் இம்மாற்றம் புகுந்தது. 1986-இல் சென்னையில் எய்ட்ஸ் நோய்க்கிருமி முதன்முதல் இந்தியரிடம் கண்டறியப்பட்டது. அதன்பின், ஒருவர் குருதி பட்ட கத்தியால் மற்றொருவரை மழித்தல் தகாதென்னும் அறிவு நாடெங்கும் பரவியது. அலகை இரண்டாக ஒடித்துப் பிடியிற் செருகி, ஒருவர்க்கு ஒன்றாக மாற்றும் வழக்கம் நிலைபெற்றது. இது முற்றிலும் நல்ல வழக்கம். இதனை ஒருவரும் கைவிடலாகாது. ஆனால் அதனோடு தீட்டுக்கல் அடைப்பத்தை விட்டு நீங்கியது. தோல்வார் சுவரை விட்டு இறங்கியது. கல்லறிந்த கைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

பீங்கானின் பிறப்பு

இனி, நாம் கையிலெடுத்த வெண்கத்தியின் வரலாற்றைக் கூறுவோம். கடையில் பீங்கான் எனப்படினும், இது கிண்ணம் செய்யும் பீங்கான் அன்று. சிர்க்கோனியம் என்னும் மாழையின் உயிரகக் கலவையைப் பொடித்து, அழுத்தி, சூளையிற் சுட்டு ஆக்குவது. அம்மாழையை 1789-இல் ஜெர்மானிய வேதிநூலார் கிளாப்ரோத்து, இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கான் மணியொன்றை ஆராய்ந்து கண்டறிந்தனர். அதே சிர்க்கான் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கலந்து கிடக்கின்றது. நாம் காலால் மிதித்து நடந்த மணலில் ஒரு சவரக்கத்தி ஒளிந்திருந்தது என்க.

இப்பொடியைத் தனியே சுட்டால் பயனில்லை. ஆறுங்கால் ஏறக்குறைய 1170 பாகை வெப்பத்தில் அதன் படிகங்கள் வடிவு மாறிப் பருத்து, பண்டம் முழுதும் வெடித்து உதிரும். இதுவே நெடுநாள் இடையூறாயிருந்தது. 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்னும் மூவர் இவ்விடையூற்றையே துணையாக்கிக் காட்டினர். வேறோர் உயிரகத்தைச் சிறிதளவு சேர்த்தால், படிகங்கள் வடிவு மாறாமல் அடங்கி நிற்கும். பண்டத்தில் விரிசல் ஒன்று புகும்போது அவ்விரிசலின் நுனியிலுள்ள படிகங்கள் மட்டும் மாறிப் பருக்கும். பருத்தவை விரிசலை இறுக்கி மேலும் செல்லவொட்டாமல் தடுக்கும். வெள்ளம் உடைக்க வந்த இடத்திலேயே கரை பருத்து நிற்பது போன்றது இது. அவர்தம் கட்டுரைக்கு ‘செராமிக் எஃகா?’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். சமையற்கத்திகளில் பெரும்பாலும் இத்ரியம் என்னும் மாழையின் உயிரகம் சேர்க்கப்படுகின்றது. 1980-களில் இத்தகைய கத்திகளை விற்பனைக்குக் கொணர்ந்தோருள் கியோத்தோ நகரத்து நிறுவனமாகிய கியோசெரா முன்னின்றது. பழைய தீட்டுக்கல்லுக்குப் பேர்போன அவ்வூரே, அக்கல்லுக்குப் பணியாத கத்தியை விற்ற நிறுவனத்துக்கும் இருப்பிடமாயிற்று.

நம் முயற்சி

‘அக்கல்லுக்குப் பணியாத’ என்றதன் பொருளை நாம் பட்டறிந்து கற்றோம். நம் பாட்டனார் தீட்டுக்கல் ஒன்று வீட்டில் இருந்தது. கருநிறம், உள்ளங்கை அகலம், மூன்று தலைமுறைக் கத்திகள் நடந்து நடுவில் சற்றே குழிந்தது. முறிந்த வெண்கத்தியை அதன்மீது வைத்து ஒரு மாலைப்பொழுது முழுதும் தேய்த்தோம். கல்லில் கோடுகள் விழுந்தன. கத்தியில் ஒன்றும் நிகழவில்லை. கல் கத்தியைத் தீட்டுவதற்கு மாறாகக் கத்தி கல்லைத் தீட்டியது. காரணம் எளிது. கனிமங்களின் கடுமைக்கு மோஸ் என்பார் வகுத்த பத்துப் படியில் படிகக்கல் ஏழாம் படி, இவ்வெண்பண்டம் எட்டுக்கு மேல், வைரம் பத்து. ஏழு எட்டைத் தேய்த்தல் எங்ஙனம்?

ஆகவே வைரத்தூள் பதித்த தகடுகளை வாங்கினோம். முதலில் வைரச்சக்கரத்தால், நீர் விட்டுக்கொண்டே, துண்டை 18 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்தோம். உலர அறுத்தால் தூள் மூச்சிற் புகுந்து நெஞ்சுக்குக் கேடு செய்யும், முகமூடியும் வேண்டும். துண்டின் கனமோ 2 மில்லிமீட்டர். அதனை அப்படியே கல்லிற் படுக்கவைத்தால் கோணம் மிகச் சிறுத்து விளிம்பு நில்லாது. எனவே முதுகின் இருபுறமும் ஒன்றரை மில்லிமீட்டர்ப் பித்தளைத் தகடு ஒட்டி, முதுகை 5 மில்லிமீட்டராக்கினோம். கோணம் ஏறக்குறைய 16 பாகை வந்தது. பித்தளை வைரத்தில் விரைந்து தேயுமாதலின் அதன்மேல் ஒட்டுநாடா சுற்றி, தேயுந்தோறும் மாற்றினோம்.

400 எண் தகட்டில் தொடங்கி, 1000, 3000 எனக் கடந்து, முடிவில் வைரப்பசை தடவிய கண்ணாடியில் தேய்த்தோம். பத்து மாலைகள் கழிந்தன. எஃகிற்போலப் பிசிறு எழும் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தோம், எழவில்லை. இப்பண்டம் வளையாது, துகளாக உடைந்தே தேயும். ஆதலின் ‘இத்துணை போதும்’ என்று அறிவிக்கும் அடையாளம் ஒன்றும் இதில் இல்லை. தோல்வாரும் இதற்கு உதவாது. நிமிர்த்துதற்கு வளைந்ததொன்று இருந்தாலன்றோ? உருப்பெருக்கியால் நோக்கியபோது விளிம்பு எலி கறித்த ஓலைபோல் இருந்தது. முன்கை மயிரையும் அது நறுக்கவில்லை.

மீண்டும் 400-க்கு இறங்கினோம். அப்பொழுதுதான் பாட்டனார் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. “கத்தி தன் பாரத்தால நடக்கட்டும், உன் பாரத்த அதுமேல ஏத்தாத” என்று அவர் தம் மாணாக்கனிடம் சொல்லக் கேட்டிருந்தோம். நாம் அதுகாறும் அழுத்தி அழுத்தித் தேய்த்தோம்; அவ்வழுத்தமே விளிம்பை உடைத்தது. கையின் பாரத்தை நீக்கி, கத்தியைத் தன் எடையால் மட்டும் நடக்கவிட்டோம். மூன்றாம் நாள் முன்கை மயிர் ஓசையின்றி வீழ்ந்தது. மறுநாள் காலை வலக்கன்னத்தை மழித்துக்கொண்டோம். ஓரிரண்டு இடத்தில் கரகரப்பு இருந்தது, குருதி வரவில்லை. நல்ல எஃகுக்கத்தியின் மென்மை அதற்கு இல்லை என்பதை ஒளிக்காமற் கூறுகின்றோம். ஆயினும் அதன் விளிம்பு துருவேறாது, இருமாதமாகியும் மழுங்கவில்லை. தரையில் ஒருமுறை விழுந்தால் மட்டும் அதன் கதை முடியும்.

கேளாத பாடம்

மேலே பாட்டனார் ‘தம் மாணாக்கனிடம்’ சொல்லக் கேட்டோம் என்று எழுதினோம். நம்மிடம் சொல்லக் கேட்டோம் என்று எழுத வழியில்லை. அதற்குக் காரணம் அவரல்லர், நாமே.

நாம் ஏழாம் வகுப்புப் படித்த காலத்தில், பாட்டனார் அடைப்பத்தை விரித்து, “வா, கல்லு புடிக்கக் கத்துக்க” என்று அழைத்தனர். முந்தின நாள் பள்ளியில் உடன் படித்தவன் ஒருவன் நம் குலத்தொழிலைச் சொல்லி நகைத்திருந்தான். அந்நகைப்பு நம் செவியில் நின்றது. படிக்க வேண்டும் என்று பொய் சொல்லி எழுந்து சென்றோம். அவர் மறுமுறை அழைக்கவில்லை. பின்னர் நாம் இலக்கணம் கற்றோம். புலவர் பட்டம் பெற்றோம். பிறர் மக்கட்குத் தமிழ் கற்பிக்கின்றோம். பாட்டனார் மறைந்தார். அவர் கத்தியை உறவினர் எவரோ கொண்டு சென்றனர். கல் மட்டும் காய்கறிக்கத்தி தீட்டுதற்கெனச் சமையலறையில் தங்கியது. இன்று அக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எண்ணெயா நீரா, எத்தனை இழுப்பு, விளிம்பு ஆனதைக் கட்டைவிரல் எவ்வாறு அறியும் என்று கேட்டற்கு வீட்டில் ஒருவரும் இலர். நன்னூலுக்கு உரை கேட்க ஆசிரியரைத் தேடி அலைந்த நாம், வீட்டுத் திண்ணையிலிருந்த ஆசிரியரை விட்டுவிட்டோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? கல்லலகு உடைந்து கூராயிற்று. எஃகு கல்லால் கூராயிற்று. தகட்டலகு ஆலையில் கூராகி வந்தது. பீங்கான் வைரத்தால் கூராகின்றது. பொருள் மாறுந்தோறும் கல் மாறியது. மாறாது நின்றது முதுகையும் விளிம்பையும் ஒருங்கே படியவைக்கும் முறையும், பாரத்தை ஏற்றாத கையுமே. 1975-க்குப் பின் தோன்றிய பண்டத்தைத் தீட்டுதற்கும் பள்ளி காணாத ஒரு முதியவரின் சொல்லே நமக்கு வழிகாட்டியது. ஆதலின் அவர் அறிந்தது வெறும் பிழைப்பன்று, அறிவு.

தொழிலை மக்கள்மேல் மீண்டும் கட்டுதல் நம் கருத்தன்று. நம் பிள்ளைகள் எத்தொழிலும் புரிக, எங்கும் உயர்க. கடைகளில் ஒருவர்க்கு ஓர் அலகு என்னும் நல்வழக்கமும் நிற்க. நாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீடுகளில் பழைய கத்தியோ கல்லோ தோல்வாரோ இருப்பின் அதனை எறியாதீர். அதன் அளவையும் நிறத்தையும் வந்த வழியையும் குறித்து வையுங்கள். கல்லறிந்த முதியோர் இருப்பின், இந்த வாரமே அவரருகில் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி இச்சஞ்சிகைக்கு விடுங்கள். அவர் கூறும் பெயர்கள் பல எந்த அகராதியிலும் இரா. வெட்கம் நமக்கு வேண்டுவதில்லை; அன்று நகைத்தவன் முகத்தையும் ஒரு நாவிதர் கத்தியே செம்மை செய்தது.

பாட்டனார் கல்லைச் சமையலறையினின்றும் எடுத்துக் கழுவி, நம் நூல் அலமாரியில் நன்னூலின் பக்கத்தில் வைத்துள்ளோம். அதன்மீது பீங்கான் கத்தி கீறிய கோடுகள் இன்னும் உள.